ஆம்புலன்ஸுக்கு நூறு தலை

ஆம்புலன்ஸுக்கு நூறு தலை என்று எழுதியது நான்தான். எழுதியபோது போக்குவரத்துத் திட்டக் குழுவின் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. "தாராளமாத்தான் குடுத்திருக்கீங்க சிந்துஜா" என்று ஒருவர் சிரித்தார். அதற்குள் பஜ்ஜி வந்துவிட்டது. அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம்.

சென்னைத் தெருக்களில் யார் முதலில் போவது என்பதை ஒரு காலத்தில் ஹாரன்தான் முடிவு செய்தது. யாருடைய ஹாரன் காதைக் கிழிக்கிறதோ அவருக்கு வழி. இப்போது அந்த வேலையைத் தலைக்கணக்கு செய்கிறது. ஒரு வண்டிக்குள் எத்தனை பேரோ அதற்கு அத்தனை தலை. சந்திப்பை நெருங்கும் வண்டிகளில் எதற்குத் தலை அதிகமோ அதற்குப் பச்சை விளக்கு. ஒற்றை ஆளாகப் பெரிய காரில் சாய்ந்துகொண்டு வருகிறவருக்கு ஒரு தலை, அறுபது பேரை ஏற்றிவரும் பஸ்ஸுக்கு அறுபது தலை. பஸ் காத்து நின்றால் நிமிடத்துக்கு இரண்டு தலை கூடும். எண் சமமாக வந்தால் பஸ்ஸுக்கே வழி. குறுக்குத் தெருவில் முழங்கால் உயரத்துக்கு இரும்புத் தூண்கள் சாலைக்குள்ளிருந்து எழும்பி நிற்கும். வெறும் சிவப்பு விளக்கை நம் ஊரில் யார் மதித்தார்கள்?

திட்டம் வேலை செய்தது, அதை மறைக்க மாட்டேன். ஒன்றரை மணி நேரப் பயணம் ஐம்பது நிமிடமானது. 'இப்பல்லாம் என் பொண்ணு தூங்கறதுக்கு முன்னாடியே வீட்டுக்குப் போயிடறேன்' என்று ஒரு தையல் தொழிலாளி எங்களுக்குக் கடிதம் எழுதினாள். அதை ஃப்ரேம் போட்டுக் கட்டுப்பாட்டு அறையில் மாட்டினோம்.

பஸ்ஸுக்குள் எத்தனை தலை என்பது கண்டக்டரின் சீட்டு மெஷினிலிருந்து வரும். கேமராவை வைத்து எண்ணிப் பார்த்தோம். அது தூக்குவாளியையும் பள்ளிக்கூடப் பையையும் சேர்த்து எண்ணியது. சீட்டுதான் நம்பகம் என்று முடிவானது. ஆனால் பெண்களுக்குக் கட்டணமில்லை, அவர்களுக்குக் கொடுக்கும் பூஜ்யச் சீட்டைக் கண்டக்டர் எத்தனை வேண்டுமானாலும் அடிக்கலாம். அடித்தார்கள். உள்ளே முப்பது பேர், மெஷினில் எண்பது. பொய்த் தலைகளை வைத்துக்கொண்டு பச்சை விளக்கில் பறந்தார்கள். இரண்டு மாதத்தில் பதினான்கு பேரைப் பிடித்தோம். பொய்ச் சீட்டு அடித்தால் வேலை போகும், வழக்கும் உண்டு. கண்டக்டர் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்த காலம் அது.

ஆம்புலன்ஸுக்கு ஏன் நூறு என்று கேட்பீர்கள். பஸ் கம்பெனியின் கையேட்டில் அதிகபட்சம் எழுபத்திரண்டு பேர் என்று போட்டிருந்தது. எழுபத்திரண்டை எது மிஞ்ச முடியும்? நூறு போட்டால் ஆம்புலன்ஸ் எப்போதும் ஜெயிக்கும். எப்படியும் ஜெயிக்கப்போகிற வண்டிக்குக் காத்திருப்புத் தலை எதற்கு என்று அதையும் கொடுக்கவில்லை. அன்றைக்கு இதெல்லாம் ரொம்பத் தெளிவாக இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை காலை 8.50-க்கு என் மேஜை போன் அடித்தது.

"கன்ட்ரோல் ரூமா? நான் ஆம்புலன்ஸ்ல இருந்து டெக்னீஷியன் ஜெபா பேசறேன். செட்டித்தோட்டம் ஜங்ஷன்ல ஒரு நிமிஷமா நிக்கிறோம். தூண் இறங்கவே மாட்டேங்குது."

"இருபது செகண்ட்ல இறங்கிடும்மா."

"இறங்கல மேடம். உள்ள பிரசவமான பொண்ணு. ரத்தம் நிக்கல. பி.பி. எழுபதுக்கு வந்துடுச்சு. பெரியாஸ்பத்திரியில தியேட்டர் ரெடி பண்ணி வச்சிருக்காங்க. இன்னும் மூணு கிலோமீட்டர்தான்."

செட்டித்தோட்டத்தைத் திரையில் போட்டேன். பிரதான சாலையில் 61-டபிள்யூ பஸ் ஒன்று கோட்டுக்குப் பின்னால் நின்றது. அதற்குப் பச்சை எரிந்துகொண்டிருந்தது. பஸ் நகரவில்லை. குறுக்குத் தெருவில் தூண்களுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ், அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு ஆட்டோக்களும் பைக்குகளும். பின்னால் போகவும் வழியில்லை.

திரையின் ஓரத்தில் இரண்டு எண்கள். ஆம்புலன்ஸ் 100. பஸ் 120.

8.46-க்கு நின்ற பஸ்ஸுக்கு நான்கு நிமிடக் காத்திருப்புக்கு எட்டுத் தலை. மீதி நூற்றுப் பன்னிரண்டு. எழுபத்திரண்டு பேர் ஏறுகிற வண்டியில் நூற்றுப் பன்னிரண்டா? திருட்டுப் பயல், நாற்பதைப் பொய்யாக அடித்துத் தள்ளியிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். வேறெதையும் நினைக்கவில்லை.

பஸ்ஸின் போனைப் பிடித்தேன்.

"கண்டக்டர் தணிகைவேல் பேசறேன் மேடம். நானே கூப்ட்டுனு இருக்கேன், லைனே கெடைக்கல."

"வண்டிய ஏன் நிறுத்தி வச்சிருக்கீங்க?"

"ஆஃப் ஆயிடுச்சு மேடம். பேட்டரி கட். பிரேக் புடிச்சிக்கிச்சு, உட மாட்டுது. டிரைவர் சார்லஸ் அண்ணன் அடியில பூந்து பாத்துனு இருக்காரு. டிப்போ வண்டி வர அரை மணி ஆவும்ன்றாங்க."

ஓடுகிற பஸ் எத்தனை தலையோடு வந்தாலும் இருபது விநாடியில் சந்திப்பைத் தாண்டிவிடும். இது ஓடாத பஸ். போக முடியாத வண்டிக்கு இயந்திரம் விடாப்பிடியாக வழி விட்டுக்கொண்டிருந்தது. அதற்குத் தெரிந்ததெல்லாம் நிற்கிற வண்டிக்கு அவசரம் அதிகம் என்பதுதான். அப்படித்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தோம்.

கையால் தூணை இறக்கும் சுவிட்ச் ஒன்று முதலில் என் மேஜையில்தான் இருந்தது. ஆறே மாதத்தில் அது யார் யாருக்கோ கல்யாண ஊர்வலம் விடுகிற சுவிட்சாகிவிட்டது. யாருடைய கார் என்று சொன்னால் எனக்குத்தான் வம்பு. பத்திரிகைகள் திட்டின, சுவிட்சைப் பிடுங்கினோம், மக்கள் பட்டாசு வெடித்தார்கள். சந்திப்பின் மின்சாரத்தைத் துண்டித்தாலும் தூண் இறங்காது. முதல் வாரமே ஒருவன் பெட்டியைத் திறந்து ஒயரைப் பிடுங்கியதால் அதற்கும் வழி செய்திருந்தோம். தலைக்கணக்கில் கை வைக்கிற அதிகாரம் மேலதிகாரி முதல் மந்திரி வரை யாருக்கும் கிடையாது. அதுதான் எங்கள் பெருமை.

"நோயாளிய இந்தப் பக்கம் தூக்கிட்டு வர முடியுமா ஜெபா? வேற ஆம்புலன்ஸ் அனுப்பறேன்."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

திரையைப் பார்த்தேன். "பதினெட்டு நிமிஷம்."

"அவ்ளோ நேரம் தாங்காது மேடம். ஒரு கையால வயித்த அமுக்கிப் பிடிச்சுக்கிட்டேதான் பேசறேன். எடுத்தா போச்சு."

பஸ் 124 ஆனது. மணி 8.52.

"தணிகைவேல், குறுக்குத் தெருவுல ஆம்புலன்ஸ் நிக்குது, பாத்தீங்களா?"

"சத்தம் கேட்டுனேதான் இருக்கு மேடம். அதான் மொதல்ல எல்லாரையும் கீழ எறக்கிட்டேன். வண்டி காலி. தல கொறஞ்சா தூணு எறங்கும்னு பாத்தேன். எறங்கலயே?"

கேமராவைத் திருப்பினேன். உண்மைதான். சாலையில் ஒரே கூட்டம், பாதிக்கு மேல் பெண்கள். அறுபது எழுபது பேர் இருப்பார்கள் என்று மனசுக்குள் போட்டுக்கொண்டேன். எண்ணவில்லை. கையேட்டில் படித்த எண்ணைத்தான் கண்ணும் பார்த்தது.

"நிறுத்தத்துல இறங்கினாதான் கணக்குல இறங்கும். நடுரோட்டுல இறங்கினா சீட்டு உயிரோடதான் இருக்கும்" என்றேன். "சீட்ட ரத்து பண்ணணும். ஒவ்வொண்ணா மெஷின்கிட்ட காட்டி, கட்டவிரல் வச்சு, காரணம் போடணும்."

"எந்தக் காரணத்தப் போட்டா ஒடனே எறங்கும் மேடம்?"

காரணங்கள் மூன்று. 'பயணி இறங்கினார்' என்று போட நிறுத்தம் வேண்டும். 'மெஷின் கோளாறு' என்று போட டிப்போவின் சம்மதம் வேண்டும், அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். மூன்றாவது 'பொய்ச் சீட்டு'. அதற்கு மட்டும் யாருடைய சம்மதமும் வேண்டாம், விரலை வைத்ததும் தலை குறையும். செய்யாத தப்பை எவன் ஒப்புக்கொள்வான் என்ற தைரியத்தில் அப்படி வைத்திருந்தோம்.

"பொய்ச் சீட்டுன்னு போடுங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன்.



"அதப் போட்டா இன்னா ஆவும்னு தெரியுமில்ல மேடம்?"

"தெரியும். வேலை போகும். அதுக்காக ஒரு பொம்பளைய சாகவிடப் போறீங்களா? எத்தனை பொய்ச் சீட்டு அடிச்சிருக்கீங்க, சொல்லுங்க."

மூன்று விநாடி இருக்கும்.

"எத்தன வேணும் மேடம்?"

என்ன திமிர் என்று எனக்கு உச்சி மண்டை காய்ந்தது. ஆனால் சண்டை போட நேரமில்லை. "தொண்ணூத்தொம்பதுக்கு வர்ற வரைக்கும். ஒண்ணுக்கு ஆறு செகண்ட் ஆகும். நீங்க ரத்து பண்ண பண்ண நிமிஷத்துக்கு ரெண்டு ஏறிக்கிட்டே இருக்கும். நிக்காம பண்ணுங்க."

"சரி" என்றார். போனைச் சட்டைப் பையில் போட்டிருப்பார் போல. துணி உரசும் சத்தம், பிறகு அவருடைய குரல் தூரத்திலிருந்து: "எம்மா, எல்லாம் கொஞ்சம் கேளுங்க!" அதற்கு மேல் ஒரே கூச்சல். நடுவில் "பாஸ் பண்ணுங்க, பாஸ் பண்ணுங்க" என்று கேட்டது. சீட்டுக்கான காசைக் கை மாற்றி அனுப்பச் சொல்லி எல்லா பஸ்ஸிலும் நாள் முழுக்கக் கேட்கிற சொல்தானே, அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பையில் ஒளித்து வைத்திருக்கும் பொய்ச் சீட்டுகளை வேகமாக எடுத்தால் சரி என்று எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

8.53. பஸ் 126. பிறகு 125. 124.

குறையத் தொடங்கிவிட்டது. கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

8.54. 118.

"ஜெபா, குறைஞ்சுகிட்டு வருது. எப்படி இருக்காங்க?"

"கண்ணு சொருகுது மேடம். அந்தம்மா புருஷன் இறங்கித் தூண உதைச்சுக்கிட்டிருக்கார். நான் அவரப் பாக்கறதா, இவங்கள பாக்கறதா?"

திரையில் அந்த ஆளைப் பார்த்தேன். லுங்கி கட்டிய ஒல்லியான மனிதர். இரும்புத் தூணை வெறுங்காலால் உதைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தூண் லாரி மோதினாலும் வளையாது என்று நானே ஒரு கருத்தரங்கில் பேசி கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

8.55. 110. அப்புறம் 109, 108.

அங்கேயே நின்றுவிட்டது.

"தணிகைவேல்? என்ன ஆச்சு?"

"வெரல எடுக்க மாட்டுது மேடம். வேர்வ. தொடச்சித் தொடச்சி வெக்கறேன், செவப்பு காட்டுது."

"இன்னொரு கை!"

"இந்தக் கை வெரல்தான் பதிஞ்சி இருக்கு."

பின்னால் ஒரு பெண் குரல்: "இந்தாண்ணே, என் துப்பட்டா. தண்ணிய ஊத்திக் களுவு மொதல்ல!" தண்ணீர் கொட்டும் சத்தம். விநாடிகள் போய்க்கொண்டிருந்தன. எனக்குத் தெரிந்த சாமியெல்லாம் வரிசையாக வந்து போனார்கள்.

8.56. எண் ஏறியது. 110. என் பின்னால் யாரோ "ஐயோ" என்றார்கள்.

109.

வேலை செய்கிறது. 108, 107. 8.57-க்கு 102. அடுத்தது 101. நூறு. சமமாக வந்தால் பஸ்ஸுக்கே வழி என்று எழுதிய கையை அந்த ஆறு விநாடியும் சபித்தேன்.

தொண்ணூற்றொன்பது.

தூண்கள் தரைக்குள் போயின. ஆம்புலன்ஸ் பாய்ந்தது. அந்த ஒல்லி மனிதர் ஓடிப்போய்ப் பின்கதவைப் பிடித்து ஏறியது வரை பார்த்தேன். அறையில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண் பிழைத்தாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எட்டு நிமிடம் முன்னால் வந்திருந்தால் அதையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் எழுதிய கடிதம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அவளுக்கு வயது இருபத்து மூன்று.

அறிக்கை இரண்டே நாளில் தயாரானது. கண்டக்டர் முப்பத்தைந்து பொய்ச் சீட்டு அடித்ததாகத் தானே ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தப் பொய்த் தலைகளால்தான் ஆம்புலன்ஸ் நின்றது. பொய்யை நீக்கியதும் அமைப்பு சரியாக வழிவிட்டது. எனவே தலைக்கணக்கில் எந்தக் குறையும் இல்லை, எந்த மாற்றமும் தேவையில்லை. கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.

பதினோராம் நாள் மத்தியானம் துறை விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பத்து நிமிட வேலை, அமைப்பு ஒழுங்காக இயங்கியது என்று சொன்னால் போதும் என்றார்கள். சாப்பிட்டுவிட்டுப் போனேன்.

விசாரணை அதிகாரி வெற்றிலை போட்டுச் சிவந்த வாயோடு ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரில் ஓர் ஆள். நாற்பத்தெட்டு வயதிருக்கும், காக்கிச் சட்டையைப் பெட்டி போட்டு மடிப்புக் கலையாமல் உடுத்தியிருந்தார். தணிகைவேலை நான் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னைப் பார்த்ததும் எழுந்தார். "குரல வச்சி கண்டுபுடிச்சிட்டேன் மேடம். அந்தப் பொண்ணு எப்டி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்காங்க" என்றேன்.

"சான்று இது. ரத்தான சீட்டு முப்பத்தஞ்சு. சரிபாத்துக் கையெழுத்துப் போடுங்க மேடம்" என்று அதிகாரி ஒரு கவரை என் பக்கம் தள்ளினார்.

கவரைக் கவிழ்த்தேன். சீட்டுகள் மேஜையில் விழுந்தன. எண்களைச் சரிபார்ப்பதற்காக ஒன்றை எடுத்தேன். அது தீக்குச்சி மாதிரி இறுக்கமாகச் சுருட்டியிருந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். அது விசிறி போல மடித்திருந்தது. இன்னொன்று வளைந்தே கிடந்தது, தட்டி நேராக்கினாலும் மறுபடி வளைந்தது. கைக்கடிகாரப் பட்டையின் அடியில் செருகினால் சீட்டு அப்படித்தான் வளையும். ஒன்றில் குங்குமம். ஒன்றின் நான்கு மூலையும் வேர்வையில் ஊறிக் காய்ந்திருந்தது, பர்ஸோடு ஜாக்கெட்டுக்குள் வைத்ததாக இருக்கும்.

ஒன்றில் பல் பதிந்திருந்தது.

அதைக் கீழே வைக்க முடியவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, சீட்டைப் பல்லால் கடித்தபடி நின்றிருக்கிறாள் எவளோ. கல்லூரிக்குப் போன நான்கு வருஷமும் நான் அப்படித்தான் போனேன். ஒரு கால் படியில், ஒரு கால் காற்றில், சீட்டு பல்லில். அந்த பஸ்ஸில் எழுபத்திரண்டு பேரா இருந்தோம்? நூற்றிருபதுக்குக் குறைந்து ஒரு நாளாவது இருந்திருப்போமா? அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு, காகிதத்தில் இருந்ததை எடுத்து எழுதியிருக்கிறேன்.

பொய்ச் சீட்டை யார் சுருட்டுவார்கள்? அது யார் கைக்கும் போகாமல் கண்டக்டரின் பைக்குள் மொடமொடவென்று கிடக்கும். பதினான்கு பேரிடம் பிடித்தவை அப்படித்தான் இருந்தன.

"இதெல்லாம் உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஜனங்க குடுத்தது மேடம். எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போற பொண்ணுங்க. முன்னால போற வண்டி அன்னிக்கு வர்ல, ரெண்டு வண்டிக் கூட்டம் நம்ம வண்டில. ஏறுற வரைக்கும் ஏத்திக்கினேன். கீழ எறக்கி உட்டப்புறம், டிக்கெட்ட எல்லாம் பாஸ் பண்ணுங்கன்னேன். கை மாத்திக் கை மாத்தி வந்துடுச்சு."

"ஒண்ணுகூடப் பொய் இல்லையா?"

"இருவத்திரெண்டு வருஷத்துல இல்ல மேடம்."

"அன்னிக்கு போன்ல ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க நம்பணும். நம்ப வெக்கறதுக்கு ரெண்டு மூணு நிமிஷமாவது புடிக்கும். அந்தப் பொண்ணுக்கு ஏது மேடம் அவ்ளோ நேரம்?"

எத்தன வேணும் மேடம். திமிர் என்று நினைத்தேனே. மனுஷர் நிஜமாகவே கேட்டிருக்கிறார். எத்தனை வேண்டுமோ அத்தனை தப்பைத் தன் பேரில் எழுதிக்கொள்ள அந்த நடுரோட்டில் மூன்றே விநாடியில் முடிவு செய்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "இந்தக் கதைய என்கிட்டயும் சொன்னாரு மேடம். ஆனா கட்டவிரல் அவரோடது. அவரே வச்சது."

"கதை இல்ல சார். உண்மை."

"கேமராப் பதிவு இருக்கா?"

"ஏழு நாள்தான் இருக்கும். அழிஞ்சிடுச்சு."

"அப்ப?" அவர் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுப் பேசுங்க மேடம். இதெல்லாம் நிஜச் சீட்டுன்னா பஸ்ல நெஜமாவே நூத்திப்பன்னெண்டு பேரு. அப்ப ஆம்புலன்ஸுக்குப் போட்ட நூறு தப்பு. அத யாரு போட்டது?"

"நான்."

அதிகாரி பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்திருக்கலாம். இவர் ஒருவருடைய வேலையோடு எல்லாம் முடிந்திருக்கும். நூறு நூறாகவே இருந்திருக்கும். அந்தப் பதினோரு நாளும் ஊரில் காலை எட்டரைக்கு நூற்றுப் பத்தும் நூற்றிருபதுமாகப் பஸ்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. அவற்றில் எது, எந்தச் சந்திப்பில், எந்த ஆம்புலன்ஸின் முன்னால் பழுதாகி நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? அங்கே இருக்கும் கண்டக்டர் இவரைப் போன்றவராக இருக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

மேஜையில் அவருடைய சீட்டு மெஷின் இருந்தது. அதில் என் அடையாள எண்ணைப் போட்டு நுழைந்தேன். பொய் என்று பதிவான சீட்டை மறுபடி நிஜமாக்க ஒரு வழி உண்டு. 'விதியில் பிழை, பொறுப்பாளர் ஒப்புதல்' என்று போட்டு, விதியை எழுதியவர் கட்டைவிரல் வைக்க வேண்டும். அதற்கும் யாருடைய சம்மதமும் வேண்டாம். அதையும் அதே தைரியத்தில்தான் வைத்திருந்தோம்.

"மேடம், ஒங்க வேல?" என்றார் தணிகைவேல்.

"அத அப்புறம் பாத்துக்கலாம். ஒண்ணொண்ணா எடுத்துக் குடுங்க."

அவர் எடுத்தார். நான் மெஷினில் காட்டி விரலை வைத்தேன். ஒன்றுக்கு ஆறு விநாடி. மெஷின் மூலையில் அன்றைய பஸ்ஸின் எண் தெரிந்தது. 77 இருந்தது 78 ஆனது, 79 ஆனது. சீட்டுகள் அதிகாரியின் பக்கம் சிதறிக் கிடந்தன. தணிகைவேலுக்கு எட்டவில்லை. அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து அவரிடம் கொடுக்கத் தொடங்கினார்.

இருபத்து நான்காவது சீட்டில் எண் 101 ஆனது. நிஜத் தலைகளே ஆம்புலன்ஸை மிஞ்சியது நிரூபணமானால் அந்த நூறு அந்த நொடியே செல்லாததாகும், அடுத்த உத்தரவு வரை எந்த ஆம்புலன்ஸையும் எந்த பஸ்ஸும் தடுக்க முடியாது. அப்படி ஒரு விதியும் உண்டு, நடக்கவே நடக்காது என்று எழுதி வைத்தது. என் கைப்பையில் போன் அதிரத் தொடங்கியது. கட்டுப்பாட்டு அறையிலிருந்துதான். ஊரிலுள்ள எல்லாத் திரையிலும் சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டிருக்கும். நிற்காமல் அடித்தது, நான் எடுக்கவில்லை.

"அவ்ளோதானே மேடம்? நூறு தாண்டிடுச்சே" என்றார் அதிகாரி.

ஊருக்கு அது போதும். மேஜையில் இன்னும் பதினோரு சீட்டு இருந்தது. அந்தப் பல் பதிந்த சீட்டும் அதில் கிடந்தது. அவை இன்னும் தணிகைவேலின் குற்றமாகத்தான் இருந்தன.

விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு கையை நீட்டினேன்.

"பாஸ் பண்ணுங்க" என்றேன்.